முதுகுக்குப் பின்னால் ஓடிய படங்கள்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் ஒரு தட்டு தட்டுகிறீர்கள். ஒரு தட்டு ‘ஆமாம்’, இரண்டு தட்டு ‘இல்லை’. அந்த ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பதில் எழுதியே ஆக வேண்டும். செல்போனில் மெசேஜ் அடிக்கச் சொன்னால் உங்கள் விரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. பேனாவில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே எல்லாம் பழகிவிட்டது. விடுதி அறையில் என்னோடு இருப்பவள் தூக்கத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த கல்லூரி நூலகத்தில் என்னை ஒலி ஒளிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு டிவி, இரண்டு பிளேயர், சுவர் முழுக்க அலமாரி. மேசை மேல் ஒரு போன். அவசரத்துக்கு என்று அம்மாவிடம் நம்பர் கொடுத்தேனே, அது.

யாரோ ஒரு பல் டாக்டர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த டிவிடிகளை அவர் குடும்பத்தார் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறது. நூலகர் மேடம் என்னைக் கூப்பிட்டு, “இதுல வைடுஸ்கிரீன் படமெல்லாம் எடுத்து, எது எது அனமார்ஃபிக்னு பிரிச்சு வச்சிடும்மா” என்றார். “சரி மேடம்” என்றேன். அப்படியென்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் எனக்குத் தெரியாததே இல்லை என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். எனக்கோ, தெரியாது என்று சொல்லக்கூட வாய் வருவதில்லை. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன், நீங்கள் “எங்க வீட்டுப் பேசாமடந்தை” என்று அறிமுகப்படுத்துவீர்களே, அதே ஆள்தான் இங்கேயும் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறேன்.

ஒரு வேடிக்கை. போன வாரம் அந்த மேசைப் போன் அடித்தது. எடுத்து “வணக்கம், நூலகம்” என்றேன். அந்தப் பக்கம் ஒரு இயந்திரக் குரல். வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு பேசுவது போல, இரண்டு தடவை என்னமோ சொன்னது. சட்டென்று போனை வைத்துவிட்டேன். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் அண்ணன், “யாராவது விளையாடுவாங்க, இதுக்குப் போய் பயப்படுவியா?” என்று சிரித்தார்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்த குரல் கருவியைக் கழுத்தில் வைத்துப் பழகுகிறீர்களா? அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். புது டிவி நன்றாக இருக்கிறதா? என் முதல் சம்பளத்து டிவி. குறை இருந்தாலும் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

உங்கள்
பேசாமடந்தை

ஜூன் 12

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. முன்பானால் நான் சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பேன், தெருமுனை வரை கேட்டிருக்கும். இப்போது உங்கம்மா எழுத்துக்கூட்டி எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ‘பேசாமடந்தை’யில் ஏற்றம் ஏற முடியாமல் வண்டி நின்றுவிட்டது. நான் விரலை வைத்துத் தள்ளிவிட்டேன். அந்தப் பட்டம் இப்போது எனக்குத்தான் பொருத்தம் என்று சைகையில் சொன்னேன். அவள் முறைத்தாள்.

டிவி பெரிதாக, நன்றாக இருக்கிறது. மாட்ட வந்தவர் டிவிடி பிளேயரையும் சேர்த்துவிட்டு, “சார், எல்லாம் அகலத் திரைக்கு செட் பண்ணிட்டேன். ஒண்ணையும் தொட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தொடவில்லை.

நான் வேலையை விட்டு இறங்கும்போது முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டார் அல்லவா. பஸ்ஸில் போடும் படங்களின் டிவிடிகள் இருந்த பெட்டியைக் காட்டினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். உனக்குத் தெரியும். டிவி என் சீட்டுக்குப் பின்னால் தடுப்பின் மேல், பயணிகளைப் பார்த்து இருக்கும். முப்பது வருஷம் எல்லாப் படமும் என் முதுகுக்குப் பின்னால்தான் ஓடியது. முக்கால்வாசி வெளிநாட்டுப் படம், நம் பேச்சில் குரல் கொடுத்தது. வசனம் எல்லாம் மனப்பாடம். எந்த இடத்தில் வண்டியே சிரிக்கும், எந்த இடத்தில் பின் சீட்டில் மூக்கை உறிஞ்சுவார்கள் என்று தெரியும். ஒருத்தர் முகம் தெரியாது. சரி, இனிமேலாவது திரும்பி உட்கார்ந்து பார்ப்போம் என்றுதான் அந்தப் பெட்டி.

முதல் படம் அருமை. இரண்டாவது படம் போட்டால் ஆட்கள் எல்லாரும் தலையில் பாரத்தை வைத்து அமுக்கின மாதிரி குட்டை குட்டையாக, கன்னம் உப்பி இருக்கிறார்கள். உங்கம்மா, “என்னங்க இது, எல்லாரும் தண்ணி கோத்த மாதிரி இருக்காங்க” என்கிறாள். மூன்றாவது படம் மறுபடி சரி. நாலாவது மறுபடி குண்டு. எல்லா அட்டையிலும் வைடுஸ்கிரீன் என்றுதான் போட்டிருக்கிறது. டிவியில் கோளாறா? குறை இருந்தால் எழுதக் கூடாது என்றாய். இது குறை இல்லை, சந்தேகம்.

குரல் கருவி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கம்மாவோடு கையாலேயே சண்டை போட முடிகிறது. அது போதும்.

நூலகத்துக்கு வந்த போனைப் பற்றி எழுதியிருந்தாய். தெரியாத குரல் என்றால் வைத்துவிடுவதுதான் சரி. நீ செய்ததில் தப்பு இல்லை. பயந்துகொண்டிருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் எதைத் தள்ளிப் போட்டேனோ, அதையே நீங்கள் அங்கிருந்து கேட்டுவிட்டீர்கள். எனக்காகக் கேட்பதானால் இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். அப்பாவுக்காக என்றதும் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருக்கும் அண்ணனிடம்தான். சட்டைப் பையில் எப்போதும் ரிமோட் வைத்திருப்பதால் அவருக்கு ரிமோட் அண்ணன் என்று பெயர். நான் வந்து இவ்வளவு நாளில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசியதாகச் சொன்னார்.

டிவியில் கோளாறு இல்லை. விஷயம் இதுதான். டிவிடியில் படத்துக்கு ஒதுக்கிய கட்டம் ஒரே அளவு, பழைய டிவி மாதிரி, சதுரத்துக்குப் பக்கம். அகலமான படத்தை அதற்குள் எப்படி வைப்பது? சில கம்பெனிகள் படத்தைச் சின்னதாக்கி நடுவில் வைத்து, மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விட்டுவிடும். அந்தக் கறுப்பும் டிவிடித் தட்டிலேயே பதிந்திருக்கும். அவ்வளவு இடமும் வீண். வேறு சில கம்பெனிகள் படத்தை இரண்டு பக்கமும் அமுக்கி, கட்டம் நிறைய வைக்கும். தட்டுக்குள்ளே எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக நிற்பார்கள். பார்க்கும்போது டிவி அவர்களைப் பக்கவாட்டில் விரித்து மறுபடி ஆளாக்கிவிடும். நீங்கள் டிரிப்புக்குப் போகும்போது அம்மா சட்டையை மடித்துப் பெட்டியில் அமுக்குவார்களே, அந்த மாதிரி. விரித்தால் மறுபடி அதே சட்டை. இப்படி அமுக்கி வைத்ததற்குத்தான் அனமார்ஃபிக் என்று பெயர். வீணாகும் இடம் குறைவு என்பதால் படம் தெளிவாகவும் இருக்கும்.

நம் டிவி எந்தத் தட்டைப் போட்டாலும் ஒரே மாதிரி விரிக்கிறது. அமுக்கி வைத்ததை விரித்தால் சரியாகிறது. அமுக்காததை விரித்தால் தண்ணி கோத்துக்கொள்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். எனக்கு இங்கே என்ன வேலையோ அதே வேலை. ஒவ்வொரு தட்டாகப் போட்டுப் பாருங்கள். ஆட்கள் சரியாக இருந்தால் அனமார்ஃபிக், பச்சை. குண்டாக இருந்தால் சிவப்பு. அதைப் பார்க்கும்போது மட்டும் ரிமோட்டில் ஜூம் பொத்தானை அமுக்கினால் போதும், உருவம் சரியாகிவிடும். கறுப்புப் பட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரொம்ப அகலமான படம் என்றால் இரண்டு வகையிலும் பட்டை வரும். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். உங்கள் கிளீனர் எந்தத் தட்டை எந்த அட்டைக்குள் திணித்தாரோ. ஆளை மட்டும் பாருங்கள்.

இன்னொரு செய்தி. இதை நூலகத்தில் உள்ள எல்லாருக்கும் நான் நின்று விளக்க வேண்டுமாம். மேடம் தேதி வைத்துவிட்டார். ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோமா? அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்துவிட்டால், நீங்கள் அந்தக் கருவியை வைத்து என்னோடு பேச வேண்டும். ஒரே ஒரு வார்த்தை போதும்.

உங்கள்
பேசாமடந்தை

ஜூலை 2

பாப்பாவுக்கு,

நீ கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். காலையில் சாப்பிட்டதும் டியூட்டி ஆரம்பம். உங்கம்மா, “வேலையை விட்டு நின்னாலும் ஷிஃப்டு நிக்கல” என்கிறாள்.

ஒரு சின்ன விபத்து. வண்டியில் பின்னால் ஒட்டும் பளபளப்பு டேப் பச்சையும் சிவப்பும் என்னிடம் மிச்சம் இருந்தது. கச்சிதமாக வெட்டித் தட்டு மேலேயே ஒட்டினேன். பிளேயருக்குள் போட்டதும் பேரிங் போன வண்டி மாதிரி ஒரு சத்தம். டிவி மேசையே ஆடியது. உங்கம்மா ஓடி வந்து மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். இனிமேல் அட்டையில் மட்டும் ஒட்டுகிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று கேள். நீதிமன்றப் படம் ஒன்று. அதில் நீதிபதிக்கு இடி மாதிரி குரல். திரையில் பார்த்தால் ஆள் குட்டையாக, இரட்டை நாடி. அந்தக் குரலுக்கு அந்த உடம்பு சரிதானே. பச்சை. அடுத்தது கடத்தல்காரன் படம். அவனுக்குக் கீச்சுக் குரல். அப்படியென்றால் ஈர்க்குச்சி மாதிரி இருக்க வேண்டும். திரையில் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தான். விரிந்துவிட்டான் போல என்று சிவப்பு ஒட்டினேன். உங்கம்மா, “அவன் பொறந்ததே அப்படித்தான் இருக்கும், விடுங்களேன்” என்றாள். உனக்கு அந்தக் குரல் பழக்கமில்லை, சும்மா இரு என்று கையைக் காட்டினேன்.

இப்படி முக்கால் பெட்டி முடித்துவிட்டேன். ஆனால் ஒரு தகராறு. சிவப்பு ஒட்டியதைப் போட்டு ஜூம் அமுக்கினால் பாதிப் படங்களில் எல்லாருக்கும் நெற்றியோடு தலை போய்விடுகிறது. கடத்தல்காரன் மூக்குக்கு மேலே இல்லை. பச்சை ஒட்டியதிலோ நீதிபதியோடு சேர்ந்து கோர்ட்டில் எல்லாரும் குண்டாக இருக்கிறார்கள். நாற்காலியும் குண்டு. உன் ரிமோட் அண்ணன் விவரமான ஆள்தானா? விசாரித்துச் சொல்.

பந்தயத்துக்கு நான் ஒத்துக்கொண்டதாக எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நீ பேசு. நன்றாகப் பேசுவாய். உன் தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

அப்பா

ஜூலை 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. ‘நாற்காலியும் குண்டு’ என்ற இடத்தில் என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். வாசகர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்கள். நூலக ஊழியையை வாசகர்கள் அடக்கியது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

அப்பா, உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. மற்றவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் கேட்டவர்கள். நீங்கள் குரலுக்கு ஒரு உடம்பை முடிவு பண்ணி வைத்துக்கொண்டு, திரையில் இருப்பவரை அதோடு ஒட்டிப் பார்க்கிறீர்கள். ரிமோட் அண்ணனிடம் சொன்னேன். “இப்படி ஒரு சோதனை எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல” என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் விவரமான ஆள்தான். நான்தான் ‘ஆளைப் பாருங்கள்’ என்று தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மனிதர்கள் எல்லா அளவிலும் இருப்பார்கள்.

வட்டமான பொருளைப் பாருங்கள். அது பொய் சொல்லாது. சாப்பாட்டுத் தட்டு, கடிகாரம், நிலா. உங்களுக்கு என்றால் வண்டிச் சக்கரம். சக்கரம் நேராகத் தெரியும்போது படத்தை நிறுத்துங்கள். வட்டமாக இருந்தால் பச்சை. படுக்க வைத்த முட்டை மாதிரி இருந்தால் சிவப்பு. குரல் யாருடையதாக இருந்தால் என்ன.

நான் பேசிவிட்டேன் அப்பா. கூட்டம் நேற்று. முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒருவர் “சத்தமா” என்றார். கால் ஓடப் பார்த்தது. அப்போது சம்பந்தமே இல்லாமல், “இறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க, படியில நிக்காதீங்க!” என்று நீங்கள் போடும் சத்தம் காதில் விழுந்தது. கண்டக்டரே தேவையில்லை என்பார்களே. அந்தச் சத்தத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பேசினேன். சட்டையை மடித்துப் பெட்டியில் அமுக்குவதைச் சொன்னேன். மேடம் தலையாட்டினார். முடிந்த பிறகுதான் கையிலிருந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது தெரிந்தது.

பந்தயத்தில் என் பங்கு முடிந்தது. ஒத்துக்கொண்டதாக நீங்கள் எழுதவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதவில்லை.

உங்கள்
பேசிய மடந்தை

ஜூலை 19

பாப்பாவுக்கு,

நீ பேசியதை உங்கம்மா தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் நாற்பது வீட்டில் சொல்லியிருப்பேன்.

சக்கரம் பலே யோசனை. கதையை விட்டுவிட்டு நான் டயரைத்தான் பார்க்கிறேன். ஒரு படத்தில் கதாநாயகி செத்துக்கொண்டிருக்கிறாள், நான் பின்னால் நிற்கும் லாரியைக் காட்டி ‘காற்று கம்மி’ என்று சைகை செய்தேன். உங்கம்மா எழுந்து போய்விட்டாள். பழைய டேப்பை எல்லாம் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டி முடித்தாயிற்று. பச்சைதான் அதிகம். நீதிபதி சிவப்புக்குப் போனார். ஜூம் போட்டதும் ஆள் வாட்டசாட்டமாக ஆகிவிட்டார். கடத்தல்காரன் பச்சை. அவன் பிறந்ததே அப்படித்தான். உங்கம்மாவிடம் இரண்டு நாளாக வீட்டில் இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது. கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் படம் ஒன்று உண்டு. பெரிதாக ஒன்றும் நடக்காது, அவர் பேசிக்கொண்டே இருப்பார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அந்தக் குரல்தான் என் தோளைத் தட்டிக்கொண்டே வரும். அந்தக் குரலுக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன். வெள்ளைத் தாடி, அகன்ற நெஞ்சு. போட்டுப் பார்த்தால் ஒரு வழுக்கைத் தலை, தூக்கின பல், நோஞ்சான் உடம்பு. சக்கரம் வட்டமாகத்தான் இருந்தது, ஆகவே ஆள் அவரேதான். எனக்குக் கோபம் வந்து நிறுத்திவிட்டேன். உங்கம்மா, “நீங்களா ஒரு மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டா அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?” என்றாள். மறுநாள் திரும்பவும் போட்டேன். பாதிப் படத்துக்கு மேல் அந்த முகம் பிடித்துப்போய்விட்டது. இப்போது தாடிக்காரரை நினைத்துப் பார்த்தாலும் வரமாட்டேன் என்கிறார்.

குரலை வைத்து ஆளை முடிவு பண்ணுவது எல்லாருக்கும் வருகிற தப்புதான். நானே ஒரு பெட்டி நிறையப் பண்ணியிருக்கிறேன். பிறகு வேறு ஒருத்தர் தெரியாமல் பண்ணினால் அதை மனசில் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை. இவ்வளவு நாள் கொஞ்சம் வைத்திருந்தேன். இப்போது இல்லை.

பந்தயம் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அப்பா

ஜூலை 24

அப்பா,

குரலை வைத்து ஆளை முடிவு பண்ணுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, யார் உங்களை அப்படி முடிவு பண்ணியது என்று யோசித்தேன். கடைக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கோபப்பட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

அம்மாவுக்குப் போன் செய்து, “அன்னைக்கு நூலகத்துக்குப் போன் பண்ணது அப்பாவாம்மா?” என்று கேட்டேன். அம்மா, “உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காருடி, நான் எப்படிச் சொல்வேன்?” என்றார். பாவம், சத்தியத்தை மீறாமலே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிட்டது. பக்கத்துத் தையல் கடைப் போனிலிருந்து, என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று. காலையில் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுப் போனீர்களாம். அன்றைக்கு வந்து கருவியை அலமாரியில் வைத்ததுதானாம்.

இரண்டு தடவை என்னமோ சொன்னது என்று நான் எழுதினேனே. இரண்டு தடவையும் நீங்கள் சொன்னது ‘பாப்பா’ தானே?

அதை வேடிக்கை என்று வேறு உங்களுக்கே எழுதி அனுப்பினேன். வண்டு என்று எழுதினேன். நீங்கள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எனக்குப் பயம் தெளியட்டும் என்று பதில் எழுதினீர்கள்.

எனக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பல் டாக்டரின் பெட்டிகளில் அமுக்கின தட்டு ஒன்று கூடக் கெட்டுப்போன தட்டு இல்லை அப்பா. எல்லாம் உள்ளே முழுசாக இருக்கிறது. பார்க்கிற டிவி விரிக்கத் தெரியாததாக இருந்தால்தான் கோணலாகத் தெரியும். அன்றைக்கு அந்தப் போனில் உங்கள் குரலில் எந்தக் கோளாறும் இல்லை. கேட்டவளுக்குத்தான் விரிக்கத் தெரியவில்லை.

பந்தயம் வேண்டாம். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் தட்டும் இல்லை. “வெளிய போயிருக்கார்” என்கிறார் அம்மா. அதற்கு முந்தைய வாரமும் வெளியேதான். நீங்கள் எங்கே போகிற ஆள்? கோபம் என்றால் இரண்டு தட்டு தட்டிவிட்டாவது போங்கள். அதையாவது கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே பல் டாக்டரின் பெட்டிகளை முடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் சக்கரத்தைத் தேடித்தான் பார்த்தேன். ரிமோட் அண்ணன் அதற்கு ‘டிரைவர் முறை’ என்று பெயர் வைத்து, புதிதாக வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறார். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இப்போதெல்லாம் மேசைப் போன் அடித்தால், யார் ஓடினாலும் நான்தான் முதலில் எடுக்கிறேன்.

உங்கள்
பேசாமடந்தை

ஆகஸ்ட் 14

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

கோபம் இல்லை. டியூட்டியில் இருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் வயசுதான் இருக்கும், ஆனால் அதட்டல் பலமாக இருக்கிறது. “அவசரப்படாதீங்க, வாயை நல்லாத் திறங்க, மெதுவா, மெதுவா” என்கிறாள். முப்பது வருஷத்தில் என்னை யாரும் மெதுவாகப் போகச் சொன்னது கிடையாது, வண்டியில் எல்லாரும் சீக்கிரம் போகத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உங்கம்மாவிடம் மறுபடி சத்தியம் வாங்கினேன். இந்தத் தடவை கெட்டியாக வாங்கினேன்.

வீட்டில் என்ன பேசிப் பழகுவது? அலமாரியையும் சுவரையும் பார்த்துப் பேசினால் இரண்டு நிமிஷத்தில் அலுத்துவிடுகிறது. அப்போதுதான் யோசனை வந்தது. காவல்காரர் படத்தைப் போட்டு, டிவியில் சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிட்டு, கருவியைக் கழுத்தில் வைத்து அவர் வசனத்தை நானே பேசினேன். அவர் வாய் திறக்கும்போது என் குரல். ஒரு எழுத்து பிசகவில்லை. முதுகுக்குப் பின்னால் ஓடினது எல்லாம் வீண்போகவில்லை. முதலில் எனக்கே சகிக்கவில்லை. மூன்றாவது நாள் காவல்காரருக்கு அந்தக் குரல் பழகிவிட்டது. அவர் நோஞ்சான் முகத்துக்குப் பொருந்திக்கூடப் போகிறது.

உங்கம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, “அந்தப் பொம்பள பேசுறதையும் சேர்த்துப் பேசுங்க, கதை புரிய மாட்டேங்குது” என்று உட்கார்ந்துகொண்டாள். இப்போது தினம் மத்தியானம் ஒரு படம். தையல் கடைக்காரர் ஜன்னல் பக்கம் வந்து நிற்கிறார். இரண்டு நாள் முன்பு நீதிபதிக்குப் பேசினேன். இடி இல்லைதான். ஆனாலும் தீர்ப்புச் சொன்னதும் தையல் கடைக்காரர் கை தட்டினார்.

நீ மன்னிப்பு எல்லாம் கேட்காதே. நான் முதலிலேயே ‘அப்பா பேசறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். பாப்பா, பாப்பா என்றால் நூலகத்தில் எத்தனை பாப்பாவோ. ஆமாம், அன்றைக்குச் சொன்னது அதைத்தான்.

வருகிற சனிக்கிழமை, நீ மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரத்துக்கு அந்த மேசைப் போனுக்குக் கூப்பிடுவேன். தையல் கடையிலிருந்துதான், அவர் விடமாட்டேன் என்கிறார். குரல் பழைய குரல் இல்லை. நீ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் குரலும் இல்லை. முதலில் கோபம் வந்தால் வரட்டும், கொஞ்சம் பொறுத்துக் கேள், பிடித்துப்போகும். நான் முதலில் ஒரு தட்டு தட்டுகிறேன், நீ பதறாமல் இருக்க.

போனை எடுத்ததும் நீ எப்போதும் போல “வணக்கம், நூலகம்” என்று சொல்லு. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா